எந்தத் தீக்கு எந்த சிலிண்டர்?

தீயணைப்பு சிலிண்டர் வாங்குவது பற்றித் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: பழைய ஓட்டு வீடு. ரேழி, கூடம், முற்றம் தாண்டித்தான் சமையலறை. மாமனார், மாமியார் இருவருக்கும் 70 வயதைத் தாண்டிவிட்டது. ஆன்லைனில் அரை கிலோ ஸ்பிரே டப்பாவிலிருந்து 6 கிலோ வரை இருக்கிறது. எதை வாங்குவது? — வாசகி, கும்பகோணம்

உங்கள் வீட்டுக்கு 2 கிலோ ஏ.பி.சி பவுடர் சிலிண்டர் சரியாக இருக்கும். ஸ்பிரே டப்பாவை நம்ப வேண்டாம், சில விநாடிகளில் தீர்ந்துவிடும். 6 கிலோ என்பது உள்ளே இருக்கும் பவுடரின் எடை மட்டும்தான். இரும்பு உடலோடு சேர்த்தால் 9, 10 கிலோ வந்துவிடும். அதை ஆணியிலிருந்து இறக்கி, பின்னைப் பிடுங்கி, நின்று அடிக்க உங்கள் மாமியாரால் முடியாது. 2 கிலோ சிலிண்டர் மொத்தம் 4 கிலோ அளவில் இருக்கும், ஒரு கையில் தூக்கிவிடலாம். ஆனால் அது 8 முதல் 10 விநாடிதான் பீய்ச்சும் என்பது மனதில் இருக்கட்டும். திரைச்சீலையில் பிடித்த தீ, குப்பைக்கூடைத் தீ, பூஜை அறையில் விளக்கு சாய்ந்து பிடித்த தீ என்று ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் அது போதும். தீ உங்கள் உயரத்தைத் தாண்டிவிட்டால் சிலிண்டரைத் தொடாமல் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

ஏ.பி.சி என்ற மூன்று எழுத்துக்கும் பொருள் உண்டு. ஏ என்றால் மரம், துணி, காகிதம், கீற்று. பி என்றால் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், பெயிண்ட். சி என்றால் எரிவாயு. மின்சாரத் தீக்கு நம் நாட்டில் தனி எழுத்து கிடையாது. அமெரிக்க வீடியோக்களில் சி என்று சொல்வது மின்சாரத்தை, அதை வைத்துக் குழம்ப வேண்டாம். மின்சாரம் எரிவதில்லை, ஒயரின் உறையும் பிளாஸ்டிக்கும்தான் எரிகின்றன. மெயினை நிறுத்திவிட்டால் அது பெரும்பாலும் ஏ வகைத் தீதான்.

எங்கே மாட்டுவது என்பதிலும் பலர் தவறு செய்கிறார்கள். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினால், தீப்பிடிக்கும்போது கை நீட்ட முடியாத இடமும் அதுவாகவே இருக்கும். சமையலறைக்கு வெளியே, கூடத்துப் பக்கம், கதவு திறந்தாலும் மறையாத சுவரில், கைப்பிடி இடுப்பு உயரத்துக்கும் மார்பு உயரத்துக்கும் நடுவில் வரும்படி மாட்டுங்கள். நீளமான வீடு என்பதால் வாசல் பக்கம் ரேழியில் இன்னொரு 2 கிலோ வைப்பது நல்லது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இப்படிப்பட்ட வீடுகளில் கொல்லைக் கதவு பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும், சாவி எங்கோ கிடக்கும். தீ நடு வீட்டில் இருந்தால் சமையலறையில் இருப்பவருக்கு அந்தக் கதவுதான் வழி. பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும் போடுங்கள்.

எரிவாயு பற்றியும் சொல்லிவிடுகிறோம். ரெகுலேட்டர் பக்கம் தீ எரிந்து, கை எட்டினால், கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு ரெகுலேட்டரை மூடுவதுதான் முதல் வேலை. வாயுவை நிறுத்த வழியில்லாமல் தீயை மட்டும் அணைத்தால் வாயு தொடர்ந்து கசியும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி அடுத்த பொறியில் வெடிக்கும். தீ இல்லாமல் வாசனை மட்டும் வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு, ஜன்னலைத் திறந்து வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் பேசுங்கள்.

கேள்வி: கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறோம். பெரிய கடாயில் 30, 40 லிட்டர் எண்ணெய் காயும். 6 கிலோ ஏ.பி.சி இருந்தால் எல்லாத் தீக்கும் ஆகும் என்கிறார் கடைக்காரர். சரியா? — வாசகர், திருவாரூர்

எண்ணெய்க் கடாய்க்கு ஆகாது. ஏ.பி.சி பவுடர் சுவாலையை ஒரு நொடியில் அடக்கிவிடும், ஆனால் எண்ணெயின் சூட்டைக் குறைக்காது. தானாகத் தீப்பிடிக்கும் சூட்டுக்கு மேல், அதாவது 340, 350 டிகிரிக்கு மேல், போய்விட்ட எண்ணெய் பவுடர் படிந்ததும் அடங்கி, காற்று பட்டதும் மறுபடி குப்பென்று பிடிக்கும். அதற்குள் உங்கள் சிலிண்டர் காலியாகியிருக்கும். போதாததற்கு, பக்கத்திலிருந்து பீய்ச்சினால் அந்த வேகமே எரியும் எண்ணெயைக் கடாய்க்கு வெளியே தெறிக்கவிடும்.

இதற்கென்றே இருப்பது கே டைப் என்று விற்கும் திரவ சிலிண்டர். நம் தர விதியில் எண்ணெய்ச் சட்டித் தீக்கு எஃப் என்ற எழுத்து, எனவே லேபிளில் இரண்டில் எது இருந்தாலும் எடுக்கலாம். உள்ளே பொட்டாசியம் உப்புக் கரைசல் இருக்கும். நீளமான குழல் வழியே மென்மையான தூறலாக விழும். சூடான எண்ணெயோடு சேர்ந்ததும் சோப்பு நுரையாக மாறி மேலே ஆடை போல மூடிக்கொள்ளும், கூடவே சூட்டையும் இறக்கும். சோப்பு காய்ச்சும்போது நடக்கும் அதே வேதிவினைதான். ஏ.பி.சி பவுடர் அமிலத்தன்மை உள்ளது என்பதால் இந்த ஆடை உருவாகவே விடாது. அதனால் ஒன்றை அடித்துவிட்டு மேலே மற்றொன்றை அடிக்கக் கூடாது. கே டைப் 6 லிட்டர் ஒன்று எண்ணெய்க் கடாய் அடுப்புப் பக்கமும், ஏ.பி.சி 6 கிலோ ஒன்று விறகும் எரிவாயு சிலிண்டர்களும் இருக்கும் பக்கமும் வையுங்கள்.

சிலிண்டருக்கு முன்னால் மூடி. ஒவ்வொரு கடாய்க்கும் வாய் அகலத்தைவிட ஒரு சாண் பெரிய தகர மூடி, கைப்பிடியோடு, அடுப்பருகே சாய்த்து வைத்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்து, மூடியை உங்கள் பக்கம் கேடயம் போலப் பிடித்து, முன்னிருந்து பின்னுக்குச் சறுக்கி மூடுங்கள். மூடிய பிறகு அரை மணி நேரம் திறக்காதீர்கள். திறந்து பார்த்துத்தான் பலருக்கு முகம் வெந்திருக்கிறது. தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. எண்ணெய்க்கு அடியில் இறங்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரியும். ஒரு குவளை தண்ணீர் போதும், எரியும் எண்ணெய் பந்தல் வரை எழும்பிவிடும்.

கேள்வி: நெல் அரவை ஆலை. ஷெட் நீளம் 30 மீட்டர், இரு முனையிலும் கதவு. பேனல் ரூம், டிரையர், உமிக் குவியல், சாக்கு அடுக்கு, ஜெனரேட்டர் இருக்கின்றன. எது எங்கே, எத்தனை? — வாசகர், மன்னார்குடி

ஆலை முழுக்க ஒரே வகை சிலிண்டரை வாங்கி வரிசையாக மாட்டுவதுதான் பொதுவாக நடக்கிறது. கணக்குக் காட்ட அது உதவும், தீக்கு உதவாது. நீங்கள் இடவாரியாகக் கேட்டிருப்பது நல்லது.

ஷெட்டுக்கு: சிலிண்டரை எடுக்க எவரும் 15 மீட்டருக்கு மேல் ஓடக் கூடாது என்பது கணக்கு. கதவுக்கு ஒன்றாக இரண்டு 6 கிலோ ஏ.பி.சி மாட்டினால் நட்டநடுவில் நிற்பவருக்கும் 15 மீட்டருக்குள் வந்துவிடும். ஆனால் நடுவில் மெஷினும் சாக்கு அடுக்கும் இருந்தால் சுற்றிப் போகும் தூரத்தைத்தான் அளக்க வேண்டும். அப்போது நடுச் சுவரிலும் ஒன்று தேவைப்படும்.

பேனல் ரூமுக்கு: 4.5 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு, அறைக்கு வெளியே கதவருகில். பவுடரும் தீயை அணைக்கும், ஆனால் காண்டாக்டர், ரிலே எல்லாவற்றிலும் புகுந்து, ஈரக்காற்று பட்டால் செம்பை அரிக்கும், தீயைவிடப் பெரிய செலவு வைக்கும். முதலில் மெயினை இறக்குங்கள். கப்பாசிட்டர் இருக்கும் பேனல் என்றால் மெயினை நிறுத்திய பிறகும் அதில் மின்னேற்றம் நிற்கும், உடனே கை வைக்க வேண்டாம். இந்த சிலிண்டர் சுமார் 15 கிலோ எடை இருக்கும், தூக்கத் தெம்புள்ள ஆளிடம் பொறுப்பைக் கொடுங்கள். அடிக்கும்போது கொம்பு போன்ற குழலைப் பிடிக்காமல் அதன் கைப்பிடியைத்தான் பிடிக்க வேண்டும். வெளிவரும் வாயு மைனஸ் 78 டிகிரி வரை குளிர்ந்திருக்கும், தோல் ஒட்டிக்கொள்ளும்.

உமிக் குவியலுக்கு எந்த சிலிண்டரும் தீர்வாகாது. உமித்தீ சுவாலையாக எரிவதில்லை. மேலே சாம்பல் பூத்து ஆறியது போலத் தெரியும், உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பவுடர் மேலோடு நின்றுவிடும். வாயு காற்றில் போய்விடும். வெறும் தண்ணீரும் உமியின் மேல் ஒட்டாமல் வழிந்தோடும். ஒரு வாளிக்குக் கைப்பிடியளவு துணி சோப்புத் தூள் கலந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். குவியலை மண்வெட்டியால் ஓரத்திலிருந்து இழுத்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி, நனைத்துக்கொண்டே போக வேண்டும். ஆளை மேலே ஏற்றாதீர்கள். உள்ளே எரிந்து பொந்தாகியிருந்தால் கால் உள்ளே போய்விடும். மூடிய கொட்டகையில் கனலும் உமி கார்பன் மோனாக்சைடு வெளியிடும், அதற்கு வாசனையே இல்லை. தலை சுற்றினால் உடனே வெளியேறுங்கள்.

தவிடு படியும் எலிவேட்டர் பக்கம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அங்கே பேரிங் காய்ந்தோ பெல்ட் வழுக்கி உரசியோ சிறு தீ பிடித்திருந்தால், சிலிண்டரின் வேகமான பீய்ச்சலே தவிட்டுத் தூசியைக் கிளப்பிவிடும். காற்றில் மிதக்கும் தூசி ஒரே வீச்சில் பற்றும். அங்கே 9 லிட்டர் தண்ணீர் சிலிண்டர் வைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூரத்திலிருந்து தூறலாக விழும்படி அடியுங்கள். வாராவாரம் தவிட்டைப் பெருக்கி எடுப்பது எந்த சிலிண்டரையும்விட மேல்.

ஜெனரேட்டருக்கு 9 லிட்டர் நுரை சிலிண்டர் ஒன்று. ஆலைக்கு ஆழ்துளைக் கிணறு இருந்தால் அந்த மோட்டாருக்கு மெயின் பேனலைச் சாராத தனி லைன் இழுங்கள். தீ வந்ததும் மெயினை நிறுத்துவீர்கள், தண்ணீர் மோட்டாரும் அதோடு நின்றுபோகும். தேவைப்படும் அந்த நேரத்தில்தான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது.

கேள்வி: வெண்கலச் சிலை வார்ப்புப் பட்டறை. உலோகத் தீக்கு டி வகை சிலிண்டர் கட்டாயம் வேண்டும் என்று ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். — வாசகர், சுவாமிமலை

வேண்டாம். டி வகை என்பது மெக்னீசியம், சோடியம், அலுமினியத் தூள் போல உலோகமே பற்றி எரியும் இடங்களுக்கு. வெண்கலம் உருகும், எரியாது. உங்கள் பட்டறையில் எரியக்கூடியவை தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்ந்த மெழுகுக் கலவை, வறட்டி, கரி, விறகு, கூரை. மெழுகு காயும் சட்டி எண்ணெய்ச் சட்டி மாதிரிதான், மூடி போட்டு மூடுங்கள். வெளியே வழிந்து பரவினால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று ஏ.பி.சி 6 கிலோ. வறட்டிக்கும் கரிக்கும் தண்ணீர் போதும், ஆனால் உலோகம் உருக்கும் இடத்துக்கு எட்டத்தில் மட்டும்.

உலோகம் உருக்கும் பாத்திரமான மூசையருகே தண்ணீர் சிலிண்டரே இருக்கக் கூடாது. 1,000 டிகிரி உலோகத்துக்கு அடியில் சிக்கும் ஒரு கை தண்ணீர் ஆவியாகி உலோகத்தைச் சிதறடிக்கும். கொட்டிய உலோகத்தின் மேல் மணல் போட வேண்டும், அந்த மணல் துளி ஈரமில்லாமல் காய்ந்ததாக இருக்க வேண்டும். ஆற்று மணலை வெளியே குவித்து வைத்திருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் அது ஈரமணல். ஈரமணலைப் போடுவதும் தண்ணீரை ஊற்றுவதும் ஒன்றுதான். அடுப்பில் வறுத்து, மூடியுள்ள டிரம்மில் கூரைக்கடியில் வையுங்கள்.

கேள்வி: கீற்றுக் கொட்டகை வீடும் பக்கத்தில் வைக்கோல் போரும் இருக்கின்றன. ஒரு சிலிண்டர் வாங்கி வைத்தால் தைரியமாக இருக்கலாமா? — வாசகி, பாபநாசம்

சிலிண்டரை நம்பித் தைரியமாக இருக்க வேண்டாம் என்றுதான் சொல்வோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். சமையல் கொட்டகையில் தொடங்கிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. காய்ந்த கீற்றில் தீ ஏறிவிட்டால் ஆளும் சிலிண்டரும் ஓடி வருவதற்குள் கூரை முழுக்கப் பரவிவிடும், எரியும் கீற்று தலைமேலேயே விழும். கூரை பற்றியது தெரிந்தால் பணம், நகை, பத்திரம் எதற்கும் திரும்பாமல் வெளியேறுவது ஒன்றே வழி.

அடுப்பு மூலையில் தொடங்கும் தீக்கு மட்டும் 9 லிட்டர் தண்ணீர் சிலிண்டர் உதவும். அது வாங்க முடியாவிட்டால் எப்போதும் நிறைந்திருக்கும் தொட்டியும் நான்கு வாளியும் அதே வேலையைச் செய்யும். கீற்றுக்கும் வைக்கோலுக்கும் பவுடரைவிடத் தண்ணீர்தான் சிறந்தது, சூட்டைத் தணிப்பது அதுதான். அடுப்பைக் கொட்டகையிலிருந்து பிரித்துத் தனியாகப் போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் அடுப்புக்கு நேர் மேலே, கீற்றுக்கு ஒரு சாண் கீழே, தகரம் ஒன்றைத் தொங்கவிடுங்கள். வைக்கோல் போர் வீட்டிலிருந்து 20 மீட்டராவது தள்ளி, மின்கம்பிக்குக் கீழே வராமல் இருக்கட்டும். குறுவை அறுவடையில் மழை பட்ட வைக்கோலைக் காயாமல் போராகப் போட்டால் உள்ளே புழுங்கிச் சூடேறித் தானாகவே பற்றும். போருக்குள் கையை விட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் உடனே பிரிக்கத் தொடங்காதீர்கள், காற்றுப் பட்டதும் எரிய ஆரம்பிக்கும். தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு, தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிட்டுப் போரைப் பிரிக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: மின்சார ஸ்கூட்டரை மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போடுகிறோம். எந்த சிலிண்டர் வைக்கலாம்? — வாசகர், மயிலாடுதுறை

சிலிண்டரைவிட இடத்தை மாற்றுவதுதான் அவசரம். லித்தியம் பேட்டரி கொதிக்கத் தொடங்கினால் பவுடரோ கார்பன்-டை-ஆக்சைடோ சுவாலையை அடக்கும், உள்ளே ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் சூடு பரவுவதை நிறுத்தாது, மீண்டும் மீண்டும் எரியும். அதை ஆற்றத் தண்ணீர் ஏராளமாகவும் நீண்ட நேரமும் வேண்டும். வரும் புகை நச்சு. மாடியில் இருப்பவர்களுக்கு அந்தப் படி ஒன்றே வழி என்றால், அவர்கள் வழியிலேயே எரிபொருளை வைத்திருக்கிறீர்கள். முற்றத்திலோ வாசலுக்கு வெளியே கூரை போட்ட இடத்திலோ சார்ஜ் போடுங்கள், இரவு முழுக்க வேண்டாம்.

கேள்வி: விசைப்படகு என்ஜின் அறைக்கு? — வாசகர், நாகப்பட்டினம்

ஏ.பி.சி 6 கிலோ, என்ஜின் அறைக்கு வெளியே, வீல்ஹவுஸ் கதவருகில். டீசல் வால்வை மூடிவிட்டு, அறை மூடியை முழுக்கத் திறக்காமல் சிறு இடுக்கு வழியே அடியுங்கள். முழுக்கத் திறந்தால் காற்று புகுந்து முகத்தில் அடிக்கும். கடல் உப்பு சிலிண்டரின் அடிவளையத்திலிருந்துதான் அரிக்கத் தொடங்கும். மாதம் ஒருமுறை கவிழ்த்து அடியைப் பாருங்கள். துரு பெயர்ந்து குழி விழுந்திருந்தால் மேலே பெயிண்ட் அடித்து ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். படகின் அதிர்வில் பவுடர் அடியில் இறுகும். கவிழ்க்கும்போது உள்ளே சரிவது கைக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: வருடா வருடம் ஒருவர் வந்து "ரீஃபில்" என்று பணம் வாங்கிக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறார். உள்ளே நிஜமாக மாற்றினாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? — வாசகி, குத்தாலம்

தராசு வைத்துத்தான். மொத்த எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று லேபிளிலேயே இருக்கும். வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் நிறுத்துப் பாருங்கள். பழைய பவுடரை உங்கள் கண்முன் கொட்டச் சொல்லுங்கள். கட்டி தட்டியிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது, அப்படியே சலித்துத் திரும்பப் போட விடாதீர்கள்.

உண்மையில் வருடா வருடம் செய்ய வேண்டியது பரிசோதனை. சிலிண்டர் பராமரிப்புக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ் 2190-ன்படி, அழுத்தம் ஏற்றிய பவுடர் சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை பவுடர் மாற்றமும் அழுத்தச் சோதனையும், கார்பன்-டை-ஆக்சைடுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை. பவுடர் சிலிண்டரின் ஆயுள் 10 ஆண்டு, கார்பன்-டை-ஆக்சைடுக்கு 15. அதற்கு மேல் எத்தனை முறை நிரப்பினாலும் அந்த உடலை நம்பக் கூடாது. கார்பன்-டை-ஆக்சைடு சிலிண்டரில் முள் காட்டும் கேஜ் இருக்காது, எடைதான் அளவு. வாயுவின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே நிரப்ப வேண்டும். பவுடர் சிலிண்டரில் முள் பச்சையில் நிற்க வேண்டும். கேஜை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், சிக்கிய முள்ளும் பச்சையைக் காட்டும்.

ஒரே ஒரு விநாடி அடித்திருந்தாலும் முழுக்க நிரப்பியாக வேண்டும். வால்வு மூடும் இடத்தில் பவுடர் துகள் உட்கார்ந்துகொள்ளும், அந்த இடுக்கு வழியே அழுத்தம் கசிந்து முள் சிவப்புக்கு இறங்கிவிடும். "கொஞ்சம்தானே அடித்தோம்" என்று திரும்ப மாட்டிய சிலிண்டர் அடுத்த முறை வெறும் இரும்பு.

புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ முத்திரை, அதன் மேல் ஐ.எஸ் 15683 என்ற எண், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண், இந்த மூன்றும் இருக்க வேண்டும். உரிம எண்ணை, தர முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். உற்பத்தி ஆண்டைப் பாருங்கள், இரண்டு வருடம் கடையில் தூங்கியதைப் புதிது என்று வாங்காதீர்கள்.

கேள்வி: சிலிண்டர் இருக்கிறது, ஆனால் வீட்டில் யாரும் தொட்டதுகூட இல்லை. எப்படிப் பழகுவது? — வாசகர், பட்டுக்கோட்டை

நிரப்பக் கொடுக்கும் நாளைப் பழகும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் உள்ளே இருப்பதைக் கொட்டத்தான் போகிறார்கள். அறுவடை முடிந்த வயலிலோ திடலிலோ பழைய தகர டப்பாவில் நாலு சுள்ளியைக் கொளுத்துங்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்கட்டும். பின்னைப் பிடுங்கும்போது மேல் லீவரை அமுக்காதீர்கள். பதற்றத்தில் லீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னை இழுப்பவர்கள்தான் "பின் வரவில்லை" என்று தவிக்கிறார்கள். சிலிண்டரைத் தரையில் வைத்து, உடலைப் பிடித்துக்கொண்டு, பின்னை லேசாகத் திருகி இழுத்தால் வந்துவிடும். மூன்று மீட்டர் தூரத்தில் நின்று, சுவாலையின் தலையை விட்டுவிட்டு அடியைக் குறிவைத்து, இடமும் வலமுமாக வீசி அடியுங்கள். அணைந்ததும் முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் இரண்டு விநாடி அடித்துப் பார்க்கட்டும், பாட்டியும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் உட்பட. வீட்டுக்குள் அடிக்கும்போது இன்னும் ஒன்று: கதவு எப்போதும் உங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.